கொட்டகைச் சாய்ப்புக்கு வெளிச்சம் விடும் ஷீட் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டது இப்படி. காரைக்குடிக்குப் பக்கத்தில் பழைய வீடு. பின்கட்டைத் தாண்டி, கொல்லையில் மங்களூர் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. அதன் வாசலுக்கு முன்னால் 12 அடி நீளம், 8 அடி அகலத்துக்கு ஒரு சாய்ப்பு இறக்க வேண்டும். தகரம் போட்டால் கொட்டகைக்குள் இருட்டிவிடும் என்பதால், வானம் தெரிகிற மாதிரி தெளிவான ஷீட்டாகவே முழுக்கப் போட நினைக்கிறீர்கள். ஒரு வெல்டர் 2 மி.மீ. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஷீட்டைச் சமமாக வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர் ஃபைபர் ஷீட் போதும், பாதிச் செலவில் முடிந்துவிடும் என்கிறார். அம்மா அங்கே உட்கார்ந்து மத்தியானத்தில் வற்றல், வடகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எந்த ஷீட் என்று கேட்டாலும், உங்களுக்கு வேண்டியது மூன்று: கொட்டகைக்குள் வெளிச்சம், வாசலில் மழை படாத இடம், அம்மா உட்காருகிற அளவுக்குக் குளிர்ச்சி. இதில் முதலும் மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும். இந்தப் பக்கத்து ஊர்களில் பல வருஷமாக இரும்புக் கூரை வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முழுக்கூரையையும் தெளிவான ஷீட்டில் போடாதீர்கள். மார்ச் முதல் ஜூன் வரை அதன் அடியில் யாரும் உட்கார முடியாது.

காரணம் எளிது. காரைக்குடி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 10 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியிலிருந்து இறங்கும். டிசம்பரில்கூட மத்தியானச் சூரியன் அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தெளிவான பாலிகார்பனேட் ஷீட் வெளிச்சத்தில் 85 முதல் 90 சதவீதத்தை உள்ளே விடும். வெளிச்சத்தோடு வெப்பமும் வந்து தரையில் இறங்கும். சூடான தரை திருப்பி விடுகிற வெப்பம் வேறு வகை, அதை அதே ஷீட் வெளியே போக விடாது. குளிர் நாடுகளில் இப்படிக் கூரை போடுகிறவர்கள் இந்தச் சூட்டுக்காகவேதான் போடுகிறார்கள். இணையத்தில் நீங்கள் பார்த்த அழகான படங்கள் பெரும்பாலும் அங்கே எடுத்தவை.

நம் ஊர் வீட்டைக் கட்டியவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று உங்கள் வீட்டுக்குள்ளேயே பாருங்கள். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வளவை, அதாவது நடு முற்றத்தை, வானத்துக்குத் திறந்துவிட்டார்கள். உட்காருவதற்கு அதைச் சுற்றி ஓடு வேய்ந்த தாழ்வாரம் வைத்தார்கள். வெளிச்சம் இறங்குகிற இடம் ஒன்று, ஆள் இருக்கிற இடம் வேறொன்று. இப்போது சில வீடுகளில் குரங்குத் தொல்லைக்கும் மழைக்கும் பயந்து வளவுக்கு மேல் நான்கு பக்கமும் அடைத்துத் தெளிவான ஷீட்டைப் போட்டுவிடுகிறார்கள். மேலே போக வேண்டிய சூட்டுக் காற்று வழியில்லாமல் தாழ்வாரத்துக்குள்ளேயே நிற்கிறது. நூறு வருஷமாகக் குளிர்ந்து கிடந்த வீட்டை ஒரே கோடையில் இப்படிக் கெடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனது ஆறுவதில்லை. உங்கள் கொட்டகை சின்ன விஷயம்தான், ஆனாலும் அதே தப்பு இங்கேயும் நடக்கக் கூடாது.

முதலில் கொட்டகையின் இருட்டை ஓட்டிலேயே தீர்த்துவிடுங்கள். மங்களூர் ஓட்டின் அதே அளவில் கண்ணாடி ஓடு கிடைக்கிறது. பழைய ஓட்டில் மூன்றையோ நான்கையோ கழற்றிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி ஓட்டைக் கொக்கி பொருந்த வைத்தால் போதும். உங்கள் ஓட்டில் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், ஏனென்றால் ஓட்டுக்கு ஓடு பள்ளமும் கொக்கியும் கொஞ்சம் மாறும். வாசலுக்கு எதிர்ப்புறச் சரிவில், ஆள் நிற்காத இடத்துக்கு மேலே வையுங்கள். நான்கு ஓடு சேர்ந்து மூன்று சதுர அடிகூட வராது, ஆனால் விறகும் பாத்திரமும் அடுக்கிய அறைக்கு அது தாராளம். இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். சாய்ப்பில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பது அப்புறம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

சாய்ப்புக்கு என் யோசனை கலப்புக் கூரை. வெளிர் நிறத்தில் வரும் கலர் கோட்டிங் தகர ஷீட்டோடு, அதே மேடுபள்ள அமைப்பில் வார்த்த பாலிகார்பனேட் ஷீட்டும் கிடைக்கும். ஒரு ஷீட் அடுக்குப் போக மூன்றேகால் அடி சொச்சம் மூடும் என்று வைத்தால், 12 அடிக்கு நான்கு ஷீட். அதில் ஒன்று மட்டும், கதவுக்கு நேரே வருவது, பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். வெளிச்சம் போதாது என்று பிறகு தோன்றினால் இன்னொன்றை மாற்றிக்கொள்ளலாம். அந்த ஒன்றும் பளிங்குத் தெளிவாக வேண்டாம், பால் நிறத்தில் எடுங்கள். தெளிவான ஷீட் தரையில் கண்ணைக் கூசும் ஒரு வெயில் பட்டையைப் போடும். அந்தப் பட்டை நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும், அம்மாவும் நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பால் நிற ஷீட் வெளிச்சத்தில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் விடும், ஆனால் அதைப் பரப்பி விடும்.

வற்றல் காய்வதற்குத் தெளிவான கூரை வேண்டுமே என்றால், காயவைப்பது சூடும் ஓடுகிற காற்றும்தான். சாய்ப்புக்கு வெளியே ஒரு கட்டிலில் பரப்பிவிட்டு, அம்மா நிழலில் உட்கார்ந்து காக்கையை விரட்டட்டும். திடீர் மழை வந்தால் கட்டிலை இரண்டு பேர் உள்ளே இழுத்துவிடலாம். இன்னொன்று, அந்த இடத்தில் விறகு அடுப்பு மூட்டுகிற பழக்கம் இருந்தால் அடுப்புக்கு நேர் மேலே பாலிகார்பனேட் வரக் கூடாது. 147 டிகிரி வாக்கில் அது இளகிவிடும். அவ்வளவு சூடு ஏறாவிட்டாலும் புகைக்கரி படிந்து சில மாதத்தில் வெளிச்சம் போய்விடும்.

வெல்டர் சொன்ன 2 மி.மீ. ஷீட் பொருளாகக் கெட்டது இல்லை, அவர் போடச் சொன்ன விதம்தான் கெட்டது. சமமாகப் போட்டால் அவ்வளவு மெல்லிய ஷீட் பர்லினுக்குப் பர்லின் (அடியில் ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்) தொய்ந்து தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில் வேப்பம்பூவும் செம்மண் தூசியும் சேர்ந்து பாசி பிடிக்கும். வாட்டம் கட்டாயம் வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே போகவே கூடாது. 8 அடிக்கு ஒரு அடி இறக்கம் என்று வைத்தால் 7 டிகிரி வரும், அது போதும். பின்பக்கம் எட்டேகால் அடி உயரமானால் முன்பக்கம் ஏழேகால் அடி, தலை இடிக்காது. ஃபைபர் ஷீட்டைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று வருஷ வெயிலில் மேல்பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கும் கண்ணாடி நார் வெளியே துருத்தத் தொடங்கும். அதில் தூசி ஒட்டிப் பழுப்பாகும், கையால் துடைத்தால் அரிக்கும். மாட்டுக்கொட்டகைக்குப் போடுங்கள், உட்காருகிற இடத்துக்கு வேண்டாம்.

பாலிகார்பனேட் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று எடை. 2 மி.மீ. ஷீட் ஒரு சதுர அடிக்குச் சுமார் 220 கிராம் இருக்க வேண்டும். கடையில் ஒரு சதுர அடித் துண்டு வாங்கி வந்து சமையலறைத் தராசில் வையுங்கள். 180 காட்டினால், 2 மி.மீ. என்று சொல்லி அதைவிட மெல்லியதை விற்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாவது, புற ஊதாக் கதிரைத் தடுக்கிற படலம். அது பெரும்பாலான ஷீட்டில் ஒரு பக்கம்தான் இருக்கும், மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளில் எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். கவிழ்த்துப் போட்டால் நல்ல கம்பெனி ஷீட்டும் மஞ்சளாகி நொறுங்கும். அந்தப் படலம் இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் உத்தரவாதத்தை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பல கம்பெனிகள் 10 வருஷம் என்று தருகின்றன. நம் வெயிலில் இத்தனை வருஷம் வந்தே தீரும் என்று அடித்துச் சொல்கிற கடைக்காரர் பேச்சை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். மேலே இருக்கும் மரம், தூசி, துடைக்கிற விதம் எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும்.

இனி ஸ்க்ரூ. இந்த வேலையில் அதிகம் கெடுவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாலிகார்பனேட் சூட்டில் இரும்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் நீளும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.065 மி.மீ. மார்கழி விடியலில் 20 டிகிரியில் இருக்கும் ஷீட் சித்திரை மத்தியானத்தில் 60 டிகிரி வரை போகும் என்று வையுங்கள். உங்கள் 8 அடி ஷீட் அதற்குள் 6 மி.மீ.க்கு மேல் நீண்டிருக்கும், அதன் அடியில் இருக்கும் இரும்பு ஒரு மி.மீ. சொச்சம்தான் நீளும். தகரத்துக்குச் செய்வது போல ஸ்க்ரூவை நேரே துளைத்து இறக்கினால் ஷீட்டுக்கு நகர இடமில்லை. காலையில் வெயில் ஏறும்போது டிக், டிக் என்று சத்தம் கேட்கும். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் மயிரிழை அளவுக்கு விரிசல்கள், தலைக்கு அடியிலிருந்து நாலா பக்கமும் கிளம்பும். அடுத்த மழையில் சொட்டும்.

ஆகவே முதலில் ட்ரில்லால் தனியாகத் துளை போட வேண்டும். ஐந்தரை மி.மீ. ஸ்க்ரூவுக்கு 9 அல்லது 10 மி.மீ. துளை. ஸ்க்ரூ துளையின் நடுவில் நிற்க வேண்டும். மேலே அகலமான, இபிடிஎம் ரப்பர் ஒட்டிய வாஷர். சாதாரண பிவிசி வாஷர் வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பசை பாலிகார்பனேட்டை அரித்து வெடிக்க வைக்கும். முடுக்கும்போது ரப்பர் ஷீட்டை ஒட்டி உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். வாஷரின் நடு உள்ளே குழிந்து விளிம்பு மேலே எழும்பினால் அதிகம் முடுக்கிவிட்டார்கள் என்று பொருள், அரைச் சுற்று திருப்பி விடச் சொல்லுங்கள். ஷீட்டின் மேட்டில் ஸ்க்ரூ போடுவதா, பள்ளத்திலா என்பதில் பட்டறைக்காரர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. பள்ளத்தில் பிடிமானம் கெட்டி, மேட்டில் ஒழுகாது. பாலிகார்பனேட்டுக்கு நான் மேட்டில்தான் போடுவேன். ஆனால் மேட்டுக்கு அடியில் அதே உயரத்துக்கு ஒரு தாங்கு கட்டை வைத்துத்தான், இல்லையென்றால் முடுக்கும்போது மேடு அமுங்கிவிடும்.

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், உங்கள் ஷீட் அம்மியைவிட எவ்வளவோ இலேசு. முழுக்கவும் 2 மி.மீ. போட்டாலும் உங்கள் 96 சதுர அடிக் கூரையின் எடை 20 கிலோ சொச்சம்தான். இந்திய தர நிர்ணயத்தின் காற்றுக் கணக்கில் மதுரைக்கு வினாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47. காரைக்குடி இரண்டுக்கும் இடையில் கிடப்பதால் நான் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வேன். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 135 கிலோ அழுத்தம். மூன்று பக்கமும் திறந்த சாய்ப்பின் அடியில் காற்று புகுந்து இந்த அளவுக்கு மேலே தூக்கினால், மொத்தம் 1200 கிலோ. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. சித்திரை, வைகாசியில் கோடைமழைக்கு முன்னால் அடிக்கிற சூறைக்காற்றே போதும்.

ஆக, தூண் கூரையைத் தாங்குகிறதா என்று பார்ப்பதைவிட, கூரையைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு தூண், 3 அங்குல சதுர ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டால் ஒரு குழிக்கு 350 கிலோவுக்கு மேல் எடை வரும், நான்குக்கும் சேர்த்து 1400. காற்றின் கணக்குக்கு இது ஈடாகும். முன் உத்திரம் 12 அடி நீளத்துக்கு இடையில் தூண் இல்லாமல் நிற்க வேண்டும் என்பதால் 4-க்கு 2 அங்குல பைப்பைக் குத்துவாக வையுங்கள். 8 அடிச் சரிவுக்கு நான்கு வரிசை பர்லின். தரை செம்புறாங்கல் பூமி என்றால் கடப்பாரைக்குக் கஷ்டம், தூணுக்கு நல்லது. கண்மாய்ப் பக்கத்துக் களிமண் என்றால் நான் சொன்ன ஆழம் போதாது. அதை உள்ளூர்க் கொத்தனார் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பின் இரண்டு தூணையும் மிச்சப்படுத்திச் சுவரிலேயே போல்ட் அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் சுவர் பாரத்தை நன்றாகச் சுமக்கும், ஆனால் விரிந்து பிடிக்கிற போல்ட்டை அது பிடித்துக்கொள்ளாது. காற்று ஆட்ட ஆட்டக் காரை உதிர்ந்து துளை பெரிதாகும். உதிர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பக்கத்துப் பூச்சையும் தள்ளிவிடும். சுவரைத் தொடாமல் தனியாக நிற்கிற சாய்ப்பே நல்லது.

தனியாக நின்றால் இன்னொரு சௌகரியம். கொட்டகையின் ஓட்டு விளிம்புக்கு அடியில் சாய்ப்பின் மேல்முனையை அரை அடி உள்ளே நுழைத்துவிடலாம். ஓட்டிலிருந்து வழியும் தண்ணீர் ஷீட்டின் மேல் விழுந்து ஓடிவிடும், சுவரோரம் ஒழுகாது, இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையும் வேண்டியதில்லை. ஓட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே நான்கைந்து அங்குல இடைவெளி விடுங்கள், சூட்டுக் காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். எங்காவது அடைக்க வேண்டி வந்தால் நியூட்ரல் என்று எழுதிய சிலிக்கானையே வாங்குங்கள். காடி வாடை அடிக்கிற வகை ஜிஐ பைப்பை அரித்துவிடும். முன்விளிம்பில் மழைத்தண்ணீரைப் பிடித்து இறக்கும் ஒரு தகரக் கால்வாய் கட்டாயம். 5 சென்டிமீட்டர் மழைக்குச் சாய்ப்பிலிருந்து மட்டும் 440 லிட்டர் இறங்கும். பின்னால் இருக்கும் ஓட்டுத் தண்ணீரும் சேர்ந்தால் வாசலில் குழி பறித்துவிடும். ஒரு டிரம்மில் பிடித்தால் கொல்லைக்கு ஆகும்.

வேலை நடக்கும்போது வரிசை முக்கியம். வெல்டிங், தேய்ப்பு, பெயிண்ட் எல்லாம் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஷீட் மேலே ஏற வேண்டும். வெல்டிங் பொறி ஷீட்டில் விழுந்தால் புள்ளி புள்ளியாகக் குழி விழும், தின்னர் பட்டால் வெடிக்கும். பாலிகார்பனேட் படுகிற பர்லினின் மேல்முகத்துக்கு வெள்ளை அடியுங்கள். கறுப்பு இரும்பு வெயிலில் காய்ந்து, தொடுகிற இடத்தில் ஷீட்டைச் சுட்டுக் கெடுக்கும். ஷீட்டின் மேல் ஒட்டிய தாளைப் போட்ட அன்றே உரித்துவிட வேண்டும். இரண்டு வாரம் வெயிலில் விட்டால் பசை உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டினால் கீறல். வருஷத்துக்கு ஓரிரு முறை சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தேங்காய் நாரும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் அதன் பக்கமே போகக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் முழுக் கூரையும் வெளிச்சம் விடும் ஷீட்டாகவே வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்தால், பால் நிற மல்ட்டிவால் (உள்ளே குழாய் குழாயாக வெற்றிடம் உள்ள பாலிகார்பனேட்) ஷீட் 8 அல்லது 10 மி.மீ. எடுங்கள். உள்ளே இருக்கும் குழாய்கள் வாட்டத்தின் திசையிலேயே ஓட வேண்டும். மேல்முனையை அலுமினிய டேப்பால் முழுதும் அடைத்து, கீழ்முனையில் காற்றுப் போகிற துளை டேப் ஒட்டி அதன் மேல் அலுமினியப் பட்டை மாட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் எறும்பு உள்ளே புகுந்து மண்ணை நிரப்பும், பாசியும் பிடிக்கும், ஷீட்டைக் கழற்றாமல் சுத்தம் செய்ய முடியாது. மார்ச் பிறந்ததும் பச்சை நிழல்வலையை ஷீட்டுக்கு அரை அடி மேலே இழுத்துக் கட்டுங்கள். வெயிலை ஷீட்டைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தினால்தான் பயன், அடியில் கட்டினால் சூடு ஏற்கெனவே உள்ளே வந்திருக்கும். கோடைமழைச் சூறைக்காற்றுக்கு முன்னால் அவிழ்க்க வசதியாகக் கொக்கியில் மாட்டுங்கள்.

இங்கிருந்து என்னால் பார்க்க முடியாதவை மூன்று இருக்கின்றன. கொட்டகையின் ஓட்டு விளிம்பு தரையிலிருந்து எத்தனை அடி, வாசல் எந்தத் திசை, மேலே தென்னை இருக்கிறதா என்று எழுதுங்கள். விளிம்பு எட்டரை அடிக்குக் கீழே என்றால் வாட்டத்தைத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். வாசல் மேற்கே பார்த்தால் கூரை எதுவானாலும் சாயங்கால வெயில் அடியில் புகுந்துவிடும், அந்தப் பக்கத்துக்கு ஒரு கீற்றுத் தட்டி வேண்டியிருக்கும். தென்னை இருந்தால் பாலிகார்பனேட் ஷீட்டைக் குலைக்கு நேர் கீழே வராத வரிசைக்குத் தள்ளி வையுங்கள், மல்ட்டிவால் என்றால் ஒரே காய் விழுந்தால்கூட ஓட்டை விழும்.